நம்பர் பெட்டிக்குத் திறப்பு விழா

எங்கள் ஊரில் புதிதாக ஒரு சாமான் வாங்கினால் முதல் வேலை அதைப் பயன்படுத்தாமல் இருப்பதுதான். ஸ்கூட்டர் வாங்கியவர் சீட்டின் மேல் இருக்கும் பாலிதீனை அது கிழிந்து தொங்கும் வரை எடுக்க மாட்டார். டி.வி. வாங்கியவர்கள் அதற்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டுவிட்டு, வருகிறவர்களுக்கு உறையைக் காட்டுவார்கள். என் அக்காவே கல்யாணத்துக்கு வந்த பிரஷர் குக்கரை அட்டைப் பெட்டியோடு பரண் மேல் ஏற்றிவிட்டு, இரண்டு பிள்ளை பெறும் வரை அலுமினியக் குண்டானில்தான் சோறு வடித்தாள். இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒரு மனுஷனின் கால்களைக் காப்பாற்ற வாங்கிய மெஷினுக்கும் இதே மரியாதையைச் செய்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ரத்தம் கொதிக்கிறது.

அந்தக் கால்கள் என் மாமாவுடையவை. அக்கா புருஷன். மில்லில் நூல் சுற்றும் பிரிவில் இருந்தவர். எழுபதுகளின் கடைசியில் மில் கதவைப் பூட்டிய பிறகு, தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒரு படகுக் கம்பெனியில் சேர்ந்தார். புதுச்சேரியில் அப்போதெல்லாம் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கடலுக்குள் தூண் நட்டு நீட்டிய பாலத்துக்கும் கப்பலுக்கும் நடுவில் சரக்கைக் கொண்டுபோய்க் கொண்டுவருவது பார்ஜ்களின் வேலை. பார்ஜுக்கு எஞ்சின் கிடையாது, அது ஒரு பெரிய இரும்புத் தொட்டி. அதன் விலாவில் லாஞ்சு என்கிற எஞ்சின் படகைக் கட்டித் தள்ளிக்கொண்டு வருவார்கள். உரம், கோதுமை, சிமெண்டு எல்லாம் அப்படித்தான் ஊருக்குள் வந்தது.

நடுக்கடலில் ஒரு தொல்லையும் இல்லை. பாலத்துக்குப் பக்கத்தில் வரும்போதுதான் ஆபத்து. அலையைத் தடுக்கச் சுவர் எதுவும் கிடையாது, பார்ஜ் ஏறி ஏறி இறங்கும். லாஞ்சு கடல் பக்கமாகக் கட்டப்பட்டிருப்பதால் அதை ஓட்டுகிறவருக்கு முன்னால் மூட்டை மலையாகக் குவிந்திருக்கும். பார்ஜுக்கும் பாலத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி அவர் கண்ணில் படவே படாது. அதைப் பார்த்துச் சொல்வதற்காக பார்ஜின் விளிம்பில் ஒரு ஆள் நிற்க வேண்டும். இடைவெளி சுருங்கியதும் அதே ஆள் கயிற்றோடு பாலத்துக்குத் தாவி, அங்கிருக்கும் இரும்புக் குத்தியில் அதை மாட்ட வேண்டும். அவரைக் கயிறுக்காரர் என்பார்கள். மாமாவுக்கு முன்னால் கயிறுக்காரராக இருந்தவர் அந்த இடைவெளியில் கால் மாட்டி, முழங்காலுக்குக் கீழே இல்லாமல் வீட்டோடு இருந்தார். அந்த இடத்தைத்தான் மாமாவுக்குக் கொடுத்தார்கள், அவரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

சந்தோஷம் என்று சும்மா சொல்லவில்லை. மில்லில் ஆயிரம் பேரில் ஒருவராக இருந்தவருக்கு இங்கே எல்லாரும் பார்க்கத் தாவுவதில் ஒரு பெருமை. வாயில் பீடி இருக்கும். தாவி இறங்கிய பிறகும் அது அணையாமல் புகைந்துகொண்டிருக்கும். மூட்டைக்காரர்கள் விசிலடிப்பார்கள். நான் ஒரு தடவை பாலத்தில் நின்று அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ராத்திரி அவர் தூங்கிய பிறகு அவர் கால் இரண்டையும் தடவிப் பார்ப்பதாக ஒருநாள் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, இதை அவரிடம் சொல்லாதே என்றாள்.

நான் அப்போது ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். எண்பதுகளின் நடுவில் படகுக் கம்பெனி முதலாளி சிங்கப்பூர் போய்விட்டு வந்தார். அங்கே துறைமுகத்தில் கப்பல் ஓரம் கட்டும்போது எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைச் சிவப்பு எண்களில் காட்டும் ஒரு பலகையைப் பார்த்திருக்கிறார். டிஜிட்டல் என்ற வார்த்தை அப்போதுதான் எங்கள் ஊருக்கு வந்திருந்தது, கடிகாரம் கட்டியவர்கள் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு திரிந்த காலம். முதலாளிக்கு ஆசை பிடித்துக்கொண்டது. பம்பாயிலிருந்து ஒரு மெஷின் வந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். அக்கா என்னைக் கூப்பிட்டு, நீ போய்ச் சேர்ந்துகொள், அந்த மெஷின் இருந்தால் இவர் விளிம்பில் நிற்க வேண்டாமாம், கூடவே இருந்து பார்த்துக்கொள் என்றாள். கடையில் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பம்பாயிலிருந்து வந்த இரண்டு இஞ்சினியர்கள் அதைப் பொருத்தினார்கள். பாலத்தின் கடல் பக்க முகத்தில் டம்ளர் வாய் அளவுக்கு இரண்டு கண்கள். அவை காதுக்குக் கேட்காத ஒரு சத்தத்தை அனுப்பும், அது எதிரில் இருப்பதில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்குப் போடும். மேலே கம்பத்தில் கறுப்புப் பலகை. அதில் முழ உயரத்துக்குச் சிவப்பு எண்கள், மூட்டை மலைக்கு மேலாக லாஞ்சு ஓட்டுகிறவருக்குத் தெரியும்படி. எத்தனை மீட்டர் இடைவெளி என்பதை அது காட்டக் காட்ட அவர் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். கயிறுக்காரர் பார்ஜின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கலாம். பார்ஜ் பாலத்தில் ஒட்டி நின்ற பிறகு எழுந்து, வாசல்படி தாண்டுகிற மாதிரித் தாண்டினால் போதும்.

சோதனைக்காக ஒருநாள் முழுக்க ஓட்டிப் பார்த்தார்கள். அந்த நாளை நான் மறக்கவே மாட்டேன். ஒவ்வொரு பார்ஜும் பூனை வந்து உட்காருவதுபோல் வந்து சேர்ந்தது. லாஞ்சு ஓட்டுகிறவர் வாயெல்லாம் பல்லாக இருந்தார், இத்தனை வருஷமும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டினேன் என்றார். மாமா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். தாவ ஒன்றுமில்லாமல் போய்விட்டதாம். அன்று சாயங்காலம் அக்கா கேசரி கிளறினாள்.

மறுநாள் காலை நான் பாலத்துக்குப் போனபோது பலகையை மஞ்சள் துணியால் மூடி, குறுக்கே சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள்.

மேனேஜரிடம் ஓடினேன். அவர் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர், அவரை எல்லோரும் முஸ்யே என்றுதான் கூப்பிட வேண்டும். நல்ல மனுஷன், யாரையும் அதட்டிப் பேச மாட்டார். அதுதான் அவரிடம் இருந்த பெரிய தொல்லை. சண்டை போட வழியே இருக்காது. திறப்பு விழா நடக்காமல் மெஷினைத் தொடக் கூடாது என்று முதலாளி மெட்ராஸிலிருந்து தகவல் சொல்லியிருப்பதாக விளக்கினார். பெரிய மனிதர் ஒருவர் வந்து நாடாவை வெட்டுவாராம், பத்திரிகைக்காரர்கள் வருவார்களாம், அதற்கு முன்னால் ஓட்டிவிட்டால் அது பழைய மெஷின் ஆகிவிடுமாம். நேற்று முழுக்க ஓட்டினோமே என்றேன். அது சோதனை, அது கணக்கில் வராது என்றார். எப்போது விழா என்று கேட்டதற்கு, "துஸ்மான், துஸ்மான்" என்றார். பிரெஞ்சில் மெதுவாக என்று அர்த்தம். டீ ஆறாமல் இருந்தாலும் துஸ்மான், ஊரே பற்றி எரிந்தாலும் துஸ்மான்.

பிறகு நடந்ததைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர. முதலில் ஆடி மாசம், சுப காரியம் கூடாது. ஆவணியில் பெரிய மனிதருக்கு உடம்பு சரியில்லை. அவர் தேறி வந்தபோது முதலாளி வீட்டில் தீட்டு. தீட்டு கழிந்ததும் புரட்டாசி வந்துவிட்டது, புரட்டாசியில் ஆரம்பித்தால் விளங்காது என்று முதலாளியின் மாமனார் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் மழை. மழையில் பந்தல் போட முடியாது. தை பிறக்கட்டும் என்றார்கள். தை பிறந்தது, பெரிய மனிதர் வெளிநாடு போய்விட்டார். அவரை விட்டால் வேறு பெரிய மனிதரே நாட்டில் இல்லையா என்று கேட்டேன். மேனேஜர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

இதில் என் மண்டை காய்ந்த விஷயம் ஒன்று உண்டு. உப்புக் காற்றில் கெட்டுப்போகாமல் இருக்க மெஷினைத் தினமும் ஓட விட வேண்டும் என்று பம்பாய்க்காரர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மேனேஜர் யோசித்துப் பார்த்து ஒரு தீர்ப்புச் சொன்னார். மெஷின் ஓடட்டும், துணியை மட்டும் எடுக்கக் கூடாது. அப்படியே செய்தோம். தினமும் காலையில் நான் சுவிட்சைப் போடுவேன். பார்ஜ் வரும், மெஷின் ஒழுங்காகத் தூரத்தைக் கணக்கிட்டு மஞ்சள் துணிக்கு உள்ளே எண்களைக் காட்டிக்கொண்டிருக்கும். வெளியே, மாமா விளிம்பில் நின்று ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் வா வா என்று காட்டிக்கொண்டிருப்பார்.

நான் துணிக்குள் தலையை விட்டு எண்ணைப் பார்த்துக் கத்திப் பார்த்தேன். லாஞ்சின் எஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. கொடி காட்டிப் பார்த்தேன். மூட்டைக்காரர்கள் ஸ்டேஷன் மாஸ்டர் என்று பேர் வைத்தார்கள். ஒருநாள் துணியின் கீழ் ஓரத்தைச் சுருட்டி ஊக்கு குத்திவிட்டேன், எண்ணின் பாதியாவது தெரியட்டும் என்று. சாயங்காலத்துக்குள் யாரோ போய்ச் சொல்லி, மேனேஜர் வந்து, தன் கையாலேயே ஊக்கைக் கழற்றி, துணியை நீவி விட்டுப் போனார். போகும்போது ஊக்கை மறக்காமல் என்னிடம் கொடுத்தார்.

மாசியில் மாமாவின் குதிகால் பாலத்தில் உரசித் தோல் கிழிந்தது. கொஞ்சம் பிசகியிருந்தால் பாதமே போயிருக்கும். வீட்டில் சொல்லாதே மாப்ள என்றார். நான் சொன்னேன். சொல்லியே தீருவேன் என்று சைக்கிளை மிதித்துக்கொண்டு உழவர்கரையில் இருந்த வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அக்கா மறுநாளே கிளம்பிக் கம்பெனி ஆபீசுக்கு வந்துவிட்டாள். அவள் வாய்க்கு எங்கள் தெருவே பயப்படும். இன்றைக்கு முஸ்யே தொலைந்தார் என்று நான் வெளியே நின்று காத்திருந்தேன். உள்ளே சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள்.

"நல்ல மனுஷன்டா. மதாம்னு கூப்ட்டு நாற்காலி போட்டு உக்கார வச்சாரு. விழா அன்னிக்கு மாமாவுக்குப் பொன்னாட போத்துறாங்களாம். நீதான் சும்மா கெடந்து குதிக்கிற."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் அதையும் பார்க்கவில்லை.

கடைசியில் ஒரு வழியாகப் பங்குனியில் நாள் குறித்தார்கள். இரண்டு நாள் முன்னதாக முதலாளியின் ஆட்கள் மெட்ராஸிலிருந்து வந்து பாலத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். பாலத்தின் முகத்தில் லாரி டயர்களை வரிசையாகக் கட்டித் தொங்க விட்டிருப்போம். பார்ஜ் வந்து முட்டினால் தாங்கிக்கொள்ள வேறு மெத்தை கிடையாது. அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. போட்டோவில் பஞ்சர் கடை மாதிரித் தெரியும் என்றார்கள். எல்லாவற்றையும் அவிழ்த்து எடுத்துவிட்டு, வெறும் கான்கிரீட்டுக்கு வெள்ளையும் காவியும் பட்டை பட்டையாக அடித்தார்கள். இந்த மெஷினே பார்ஜ் மோதாமல் இருக்கத்தானே, அப்புறம் டயர் எதற்கு என்று என்னிடமே கேட்டார்கள். அலை என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். விழா முடிந்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்று என் தோளைத் தட்டினார்கள்.

விழா அன்று காலை நான் போய்ப் பார்த்தபோது பந்தல்காரர் மெஷினின் கம்பத்துக்கு இரண்டு பக்கமும் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார். குலையும் பூவுமாக நல்ல மரங்கள்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு மரம் விளிம்புக்கு வெளியே சாய்ந்திருந்தது. அதன் இலைகள் பாலத்தின் முகத்தில் கீழே இறங்கி, கண்கள் இரண்டுக்கும் முன்னால் ஆடிக்கொண்டிருந்தன. அண்ணே, இலை மறைத்தால் மெஷின் இலையைத்தான் அளக்கும் என்று பொறுமையாகச் சொன்னேன். வாழை மரம் இல்லாமல் ஒரு சுப காரியமா, நீ எந்த ஊர்த் தம்பி என்று கேட்டார். நான் கத்தியை வாங்கி இரண்டு இலைகளைக் கழித்தேன். கட்டிய வாழையில் கத்தி வைக்கிறான் பார் என்று அவர் சத்தம் போட, முதலாளியின் ஆட்கள் ஓடிவந்து என்னைப் பந்தலுக்குப் பின்னால் அனுப்பினார்கள். அதற்குள் ஐயர் வந்து மெஷினின் கண்கள் இரண்டுக்கும் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தார். அதை மட்டும் யாரும் பார்க்காதபோது குனிந்து கைக்குட்டையால் துடைத்துவிட்டேன். வாழையைத் திரும்பத் தொட வழியில்லை, பந்தல்காரர் அதற்குக் காவல் நின்றார்.

மாமாவைப் பார்த்ததும் மிச்சமிருந்த பொறுமையும் போய்விட்டது. தினமும் அரை டிராயரோடு வேலை செய்கிறவருக்குப் புது வேட்டி கட்டிவிட்டிருந்தார்கள், சரிகைத் துண்டு வேறு. சிமெண்டுத் தூண் மாதிரி விறைத்துக்கொண்டு பார்ஜில் ஏறினார். நடுவிலேயே உட்கார் மாமா, விளிம்புக்குப் போகாதே என்று சொன்னேன்.

"நடுவுல உக்காந்தா போட்டோவுல நான் எங்க தெரிவேன், மாப்ள?" என்றார்.

பெரிய மனிதர் வழக்கம்போல் தாமதமாக வந்தார். அதற்குள் வெயில் ஏறி, கடல் காற்றும் எழும்பிவிட்டது. பார்ஜ் தூரத்தில் காத்து நின்றது. பேச்சு, மாலை, நாகஸ்வரம் எல்லாம் முடிந்து அவர் நாடாவை வெட்டியபோது இலைகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. மஞ்சள் துணி விழுந்தது. சிவப்பு எண்கள் பளிச்சென்று தெரிந்தன. எல்லோரும் கை தட்டினார்கள். முதலாளி கையைக் காட்ட, பார்ஜ் புறப்பட்டது.

முதலில் சரியாகத்தான் காட்டியது. எண் ஒவ்வொன்றாகக் குறைந்தது. பார்ஜ் கிட்டே வந்தபோது காற்று இலையைத் திருப்பிப் போட்டது. பத்துக்குப் பக்கத்தில் இருந்த எண் சட்டென்று ஒன்றுக்கும் கீழே விழுந்தது. லாஞ்சு ஓட்டுகிறவர், பாலத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைத்து எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டார். இலை விலகியது, எண் மறுபடி ஏறியது. இன்னும் தூரம் இருக்கிறது என்று முன்னோக்கித் தள்ளினார். மறுபடி இலை. மறுபடி பின்னோக்கி. பார்ஜ் உதறி உதறி நேர் தப்பிப் பக்கவாட்டில் திரும்பியது. அலை அதைத் தூக்கிப் பாலத்தைப் பார்த்து வீசத் தொடங்கியது. பந்தலில் இருந்தவர்களுக்கு எண்கள் ஏறி இறங்குவது வேடிக்கையாக இருந்தது. இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.

விளிம்பில் நின்றிருந்த மாமா ஒரு உதறலில் வேட்டி தடுக்கி உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். கால் இரண்டும் விளிம்புக்கு வெளியே தொங்கின. புது வேட்டி எதிலோ மாட்டிக்கொண்டு அவரை எழவிடவில்லை. எதிரே டயர் இல்லாத வெறும் கான்கிரீட்டு, காவியும் வெள்ளையுமாக.

நான் யாரைத் தள்ளிக்கொண்டு ஓடினேன் என்று எனக்குத் தெரியாது. பெரிய மனிதரின் காலை மிதித்ததாகப் பிறகு சொன்னார்கள். வாழை மரத்தைக் கட்டிப் பிடித்துக் கயிற்றோடு பிடுங்கிக் கடலில் தள்ளினேன். எண் உண்மைக்கு வந்தது. மூன்றுக்கும் குறைவு. லாஞ்சு ஓட்டுகிறவர் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்த நொடியே எஞ்சினை முழு வேகத்தில் பின்னோக்கிப் போட்டார். அந்தக் கொஞ்ச நேரத்தில் மாமா வேட்டியை உருவிப் போட்டுவிட்டு உள்ளே உருண்டார். அவர் கால் இருந்த இடத்தில் இரும்பும் கான்கிரீட்டும் முட்டி, ஒரு துண்டு கான்கிரீட்டு உடைந்து விழுந்தது. தண்ணீர் எகிறிப் பந்தலின் முன்வரிசையை நனைத்தது.

மாமா கோவணத்தோடு எழுந்து நின்றார். இரண்டு காலிலும் நின்றார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். போட்டோக்காரர் ஒருவர் என்னைத்தான் படம் எடுத்தார்.

மறுநாளிலிருந்து கம்பெனியில் ஒரே கேள்வி, வாழை மரத்தை யார் பிடுங்கியது என்று. டயரை யார் அவிழ்த்தது என்று யாரும் கேட்கவில்லை. நான் மேனேஜர் முன்னால் நின்று, மெஷின் தப்பே செய்யவில்லை முஸ்யே, இலை எவ்வளவு தூரத்தில் இருந்ததோ அதைத்தான் அது சரியாகச் சொன்னது என்று தொண்டை வறளப் பேசினேன். இலையை எடுத்ததும் பார்ஜின் தூரத்தைச் சரியாகச் சொன்னதே, அதை வைத்துத்தானே ஒரு ஆள் பிழைத்தான் என்றேன். அவர் பொறுமையாகத் தலையாட்டினார். பிறகு அந்த மெஷின் நம் கடலுக்கு ஒத்துவராது என்று முதலாளிக்கு எழுதிவிட்டார். முதலாளிக்கு அந்தக் காரணமும் தேவைப்படவில்லை. திறப்பு விழாவிலேயே வாழை மரம் சாய்ந்தது என்றால் அது ராசியில்லாத மெஷின், இனி அது என் கண்ணில் படக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். டிஜிட்டல் மெஷினுக்கு ராசி பார்த்த கம்பெனி உலகத்தில் எங்கள் கம்பெனி ஒன்றாகத்தான் இருக்கும்.

பலகையைக் கழற்றினார்கள். கண்கள் இரண்டையும் நானே கழற்றிச் சாக்கில் சுற்றிக் கொடுத்தேன். பம்பாய்க்காரர்களே பாதி விலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டதாகக் கேள்வி. டயர்களை மட்டும் திரும்ப மாட்டினார்கள். என்னைக் கிடங்கில் விளக்கும் பம்ப்செட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். போயிருக்கலாம், ரேடியோ கடையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தார்கள். அக்காவுக்காக இருந்தேன்.

எல்லாரையும்கூட மன்னித்துவிடுவேன். மாமா பேசியதைத்தான் தாங்க முடியவில்லை. எவர் காலை அந்த மெஷின் காப்பாற்றியதோ அவரே, அது வந்த அன்றைக்குத்தான் நான் விழுந்தேன், அதற்கு முன்னால் என்றைக்காவது விழுந்திருக்கிறேனா, ராசியில்லாத பொட்டி மாப்ள அது என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு அவரோடு கத்திச் சண்டை போட்டேன். இலையைப் பற்றிச் சொன்னேன், டயரைப் பற்றிச் சொன்னேன், எதுவும் காதில் ஏறவில்லை. அக்கா எங்கள் இருவருக்கும் ரசம் ஊற்றினாள். அடுத்த நாளும் அவர் எப்போதும்போல் அரை டிராயரும் பீடியுமாகத் தாவினார், மூட்டைக்காரர்கள் விசிலடித்தார்கள்.

அந்த வருஷம் கார்த்திகையில் வாடைக்காற்று பலமாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கடைசி பார்ஜ். நான் கிடங்கில் இருந்தேன். கூச்சல் கேட்டு ஓடியபோது மாமாவைப் பாலத்தில் தூக்கிப் போட்டிருந்தார்கள். லாஞ்சு ஓட்டுகிறவர் எனக்குத் தெரியவில்லையே, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது பாதம் இருந்த இடத்தை நான் ஒரு தடவைதான் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, அவர் கண் அசந்திருந்தபோது அக்கா என்னை வார்டு ஜன்னல் பக்கம் கூப்பிட்டாள். தூங்காமல் அவள் கண்கள் வீங்கியிருந்தன. வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பொட்டிய எடுக்காம உட்டிருந்தா இப்பிடி ஆயிருக்காது, இல்லடா?"

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் அத்தனை மாசமும் காத்திருந்தேன். பதில் என்னிடம் இருந்தது. மேனேஜரிடம் சொன்னது, மாமாவிடம் கத்தியது, மூட்டைக்காரர்களிடம் டீக்கடையில் படம் போட்டுக் காட்டியது, எல்லாம் நுனி நாக்கில் இருந்தது. ஆயிருக்காதுக்கா என்று சொன்னால் போதும். ஆனால் அவள் இனி அந்த மனுஷனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு எத்தனை வருஷம் நடக்க வேண்டுமோ, ராசியில்லாத பொட்டி என்று சொல்லித் திரிந்தவரோடு, மேனேஜர் நாற்காலி போட்டார் என்று தான் சிரித்துக்கொண்டு வந்ததை நினைத்துக்கொண்டு.

"அது இருந்திருந்தாலும் இப்பிடித்தான் ஆயிருக்கும்க்கா," என்றேன். "அந்த மெஷினு நம்ம கடலுக்கு ஒத்து வராது."

அக்காவின் தோள் இறங்கியது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, அதானே என்றாள். கட்டிலிலிருந்து மாமா கண்ணைத் திறக்காமலே, நான்தான் அப்பவே சொன்னனே என்றார். அன்று சாயங்காலம் பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் அவள் அதையே சொன்னாள். என் தம்பி அந்த மெஷினையே கையில் வைத்துப் பார்த்தவன், அவனே சொல்லிவிட்டான், அது இருந்தும் பிரயோஜனமில்லையாம் என்றாள். சாத்துக்குடிப் பையோடு மேனேஜர் வந்தார். அவரிடமும் சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பி, அப்படியா என்பதுபோல் பார்த்தார்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம், முஸ்யே," என்றேன்.